கடைசி பதினைந்து நாள்: ட்ரெஸ்டனைக் காலி செய்வது எப்படி

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு எப்படி அப்ளை பண்றதுன்னு நம்ம இதழ்லயே ரெண்டு கட்டுரை வந்திருக்கு. விசா, மோட்டிவேஷன் லெட்டர், பிளாக்டு அக்கவுண்ட் எல்லாம் அதுல இருக்கு. போனதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம், அது தானா நடக்கும். ஆனா திரும்பி வர்றது எப்படின்னு யாருமே எழுதல. நாங்க நாலு பேர் 2024 அக்டோபர்ல ஜெர்மனியில ட்ரெஸ்டனுக்குப் போய், 2025 பிப்ரவரி 28 அன்னைக்கு ரூமைக் காலி பண்ணோம். அந்தக் கடைசி பதினைந்து நாள்ல நாங்க கத்துக்கிட்டதும் கோட்டை விட்டதும்தான் இந்தக் கட்டுரை. இந்த வருஷம் போற ஜூனியர்ஸ் இதை இப்பவே படிச்சு வெச்சுக்கோங்க. அங்க போய் படிக்கலாம்னு நினைச்சா படிக்க மாட்டீங்க.

நாலு பேர்னா ஒரு சிவில், ஒரு மெக், ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ், நான் இசிஇ. பேர் வேண்டாம், டிபார்ட்மென்ட்டை வெச்சே கூப்பிடறேன்.

முதல்ல காலண்டர் பிரச்சினை. ஜெர்மனியில விண்டர் செமஸ்டர் அக்டோபர் 1-ல இருந்து மார்ச் 31 வரைக்கும். வகுப்புகள் பிப்ரவரி தொடக்கத்துல முடியும், அதுக்கு அப்புறம்தான் பரீட்சை. நம்ம ஊர்ல ஜனவரியிலயே அடுத்த செமஸ்டர் ஆரம்பிச்சிடும். அதாவது நீங்க அங்க பரீட்சைக்குப் படிக்கும்போது இங்க உங்களுக்கு ஆப்சென்ட் விழுந்துக்கிட்டே இருக்கும். அதனால கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே ஓடி வரணும்னு ஒரு அவசரம் வரும். எல்லாத் தப்பும் அந்த அவசரத்துல நடக்கறதுதான்.

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பர்ல கிரிட்டிக்கல் பாத்னு படிச்சிருப்பீங்க. எந்த வேலை முடிஞ்சாதான் எந்த வேலையை ஆரம்பிக்க முடியும்னு அம்புக்குறி போட்டு வரையறது. பதினாறு மார்க் கேள்வி, மனப்பாடம் பண்ணிட்டு மறந்துடுவோம். ஜெர்மனியை விட்டு வெளியேறறது அப்படியே அந்தக் கணக்குதான். நாங்க பத்து வேலைன்னு பட்டியல் எழுதிட்டு, ஈஸியா இருக்கறதை முதல்ல பண்ணோம். அப்படிப் பண்ணக்கூடாது.

நடுவுல இருக்கற முடிச்சு அப்மெல்டுங். நீங்க அங்க போன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல முகவரியைப் பதிவு பண்ணியிருப்பீங்க, அது அன்மெல்டுங். நாட்டை விட்டுப் போகும்போது அந்தப் பதிவை நீக்கறது அப்மெல்டுங். காசு கிடையாது, ஒரே ஒரு பக்க ஃபார்ம். ஆனா ஒரு விதி இருக்கு. வீட்டைக் காலி பண்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடிதான் அதைப் பண்ண முடியும், அதுக்கு முன்னாடி வாங்க மாட்டாங்க. காலி பண்ணி ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சாகணும். எங்களுக்கு பிப்ரவரி 28 கடைசி நாள்னா, 21-ஆம் தேதிக்கு முன்னாடி போனா திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த ஒரு வாரத்துக்குள்ள அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணும். அதை ஜனவரியிலயே புக் பண்ணியிருக்கணும். நாங்க பிப்ரவரி 14 அன்னைக்குத்தான் வெப்சைட்டையே திறந்து பார்த்தோம்.

தபால்லயும் அனுப்பலாம். ஆனா உறுதிச் சான்று எந்த முகவரிக்கு வரும்? நீங்க காலி பண்ணிட்டுப் போற முகவரிக்கா, சேலத்துக்கா? இதை யோசிச்சு ஃபார்ம்ல எழுதுங்க. எங்களுக்கு அதிர்ஷ்டம், யாரோ கேன்சல் பண்ண இடத்துல 25-ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சது. வேற வேற பகுதியில இருக்கற ரெண்டு அலுவலகத்துல ரெண்டு ரெண்டு பேரா போனோம்.

அந்த ஒரு தாளுக்கு ஏன் இவ்வளவு பில்டப்னா, மத்தவங்க எல்லாரும் கேக்கறது அதைத்தான். ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துக்கோங்க. மாணவர் கட்டணம்னு மாசம் 130 யூரோவுக்கு மேல கட்டிக்கிட்டு இருந்தோம். "நான் ஊருக்குப் போறேன்"னு மெயில் போட்டா அது நிக்காது. ஜெர்மன் சட்டப்படி ஒரு இன்சூரன்ஸ் முடியணும்னா அடுத்த இன்சூரன்ஸ் இருக்கணும், இல்ல நீங்க நாட்டை விட்டுப் போனதுக்கு ஆதாரம் இருக்கணும். ரெண்டும் இல்லன்னா உறுப்பினர் சேர்க்கை தானா தொடரும். வருமானக் கணக்கும் குடுக்கலன்னா உச்சபட்சக் கட்டணத்துல பில் போடுவாங்க. நீங்க இங்க மெஸ்ல தக்காளி சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க, அங்க உங்க பேர்ல கடன் ஏறிக்கிட்டு இருக்கும். பின்னாடி எம்.எஸ். படிக்க அதே நாட்டுக்குப் போகணும்னு நினைச்சா அது முன்னாடி வந்து நிக்கும்.

அடுத்தது ருண்ட்ஃபுங்க்பைட்ராக். அரசு ஒலிபரப்புக் கட்டணம்னு சொல்லலாம். டிவி இருக்கா, ரேடியோ இருக்கான்னு கேள்வியே கிடையாது, ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. நாலு ரூம், ஒரு கிச்சன், ஒரே வாசக்கதவுன்னு இருந்தா அது ஒரு வீடு, ஒருத்தர் கட்டினா போதும். விடுதியில பொது வராண்டாவை ஒட்டித் தனித்தனி ரூம்னா ஒவ்வொரு ரூமும் ஒரு வீடு. எங்களுது முதல் வகை. ஆளுக்கு 4.59 யூரோ, கணக்கு என் பேர்ல. அப்மெல்டுங் பண்ணிட்டா இதுவும் தானா நின்னுடும்னு நான் நம்பினேன். நிக்காது. தனியா ஆன்லைன்ல எழுதி, அப்மெல்டுங் சான்றை இணைச்சு முடிக்கணும். எங்களுக்கு முன்னாடி இருந்த சீனியர் ஒருத்தர் பேர்ல வந்த கடிதங்கள் எங்க தபால்பெட்டியில ஆறு மாசமா சேர்ந்துக்கிட்டே இருந்தது. அதைப் பார்த்துதான் எனக்கு பயம் வந்தது. சீனியர், இதைப் படிச்சா தயவுசெஞ்சு பாருங்க.

ஜிம்ல சேர்ந்திருந்தா இன்னும் கஷ்டம். ஊர் மாறிப் போறதை மட்டும் காரணமா காட்டி ஜிம் ஒப்பந்தத்தை நடுவுல முறிக்க முடியாதுன்னு 2016-ல ஜெர்மனியோட உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. எங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வருஷத் திட்டத்துல சேர்ந்து நவம்பர்ல நாலு நாள் போனான். கட்டுமஸ்தா வரல, கட்டணம் மட்டும் வந்தது. மாசாமாசம் முடிச்சுக்கற மாதிரி இருக்கற திட்டத்துல மட்டும் சேருங்க.

பேங்க் அக்கவுண்ட்டை மட்டும் கடைசியா மூடுங்க. கடைசின்னா ஊருக்கு வந்தும் பல மாசம் கழிச்சு. ஏன்னா ரூம் டெபாசிட் நீங்க கிளம்பற அன்னைக்குக் கையில வராது. தண்ணீர், ஹீட்டிங் கணக்கெல்லாம் முடிச்சிட்டுத்தான் அனுப்புவாங்க. சில வாரமும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம். எல்லாத்தையும் சுத்தமா முடிச்சிட்டுத்தான் போவேன்னு அக்கவுண்ட்டை மூடினா அந்தப் பணம் வர இடமில்லாம நிக்கும். அந்த ஊர் சிம் கார்டையும் அதே மாதிரி தூக்கிப் போட்டுடாதீங்க, பேங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும்.

மஞ்சள்

ரூமை ஒப்படைக்கறதுக்குன்னு ஒரு சடங்கு இருக்கு, ஊபர்காபெ. விடுதிப் பொறுப்பாளர் வந்து அலமாரி, ஜன்னல், அவன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் திறந்து பார்த்து ஒரு படிவத்துல குறிப்பார், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீங்க உள்ள வந்த அன்னைக்கும் இதே மாதிரி ஒரு படிவம் போட்டிருப்பாங்க. அந்த முதல் படிவத்தோட காப்பியும், முதல் நாள் எடுத்த போட்டோவும் இல்லன்னா, உங்களுக்கு முன்னாடி பத்து வருஷம் இருந்தவங்க வெச்ச கீறல் எல்லாம் உங்க கணக்குதான். போட்டோ எடுங்க. சுவத்துல இருக்கற ஆணி ஓட்டையைக்கூட எடுங்க.

எங்க பிரச்சினை மஞ்சத்தூள். கிச்சன் மேடை வெள்ளை லேமினேட். அஞ்சு மாசம் சாம்பார், ரசம், வாரம் ஒரு முறை மெக் பண்ற சிக்கன். அடுப்புக்குப் பக்கத்துல ஒரு பெரிய மஞ்சள் தீவு உருவாகியிருந்தது. இதுல ஒரு கெமிஸ்ட்ரி பாடம் இருக்கு, ஃபர்ஸ்ட் இயர்ல நான் கவனிக்காத பாடம். மஞ்சளோட நிறத்துக்குக் காரணம் குர்குமின். அது தண்ணியில கரையாது, எண்ணெயிலயும் ஆல்கஹால்லயும் கரையும். சோப்பு, சோடா மாதிரி காரப் பொருள் பட்டா சிவப்பா மாறும். கம்ப்யூட்டர் சயின்ஸ் அவசரத்துல சோப்பு போட்டுத் தேய்ச்சு, மஞ்சள் தீவை ரத்தச் சிவப்புத் தீவு ஆக்கிட்டான். கொலை நடந்த வீடு மாதிரி இருந்தது. வினிகரை ஊத்தினதும் மறுபடி மஞ்சளாச்சு. லேப்ல இண்டிகேட்டர் வெச்சுப் பண்ற அதே விஷயம்.

குர்குமினோட ஒரே எதிரி வெயில். சூரிய ஒளி பட்டா அது சிதைஞ்சு நிறம் போயிடும், அதனாலதான் நம்ம வீட்டுல மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைச்சு மொட்டை மாடியில போட்டா ரெண்டு நாள்ல வெளுத்துடுது. ஆனா நாங்க இருந்தது பிப்ரவரி மாச ட்ரெஸ்டன்ல. அங்க வானம் பெரும்பாலும் ஈயப்பாத்திர நிறம். கிச்சன் ஜன்னல் வேற வடக்கு பார்த்தது. ஆல்கஹால் வெச்சுத் தேய்ச்சதுல பாதி போச்சு, மீதி இருந்தது. டெபாசிட்ல 40 யூரோ பிடிச்சாங்க, நியாயமான தொகைதான். அடுப்புப் பக்கத்துல முதல் நாளே ஒரு அலுமினிய ஃபாயில் விரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.

சுத்தம் பண்றதை ஞாயித்துக்கிழமைக்குன்னு வெச்சுக்காதீங்க. கடை இருக்காது, ஒரு ஸ்பாஞ்ச் வாங்கக்கூட முடியாது. ஞாயிறு அங்க அமைதி நாள், கண்ணாடி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில போடற சத்தம்கூட ஆகாது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஜன்னலைத் திறந்து பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார், பார்ப்பார், அதுவே போதும்.

பாட்டில்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவை பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டில், கேன் எல்லாத்துக்கும் 25 சென்ட் ஃபண்ட், அதாவது திரும்பக் குடுத்தா வர்ற காசு. நாங்க கட்டிலுக்கு அடியில சேர்த்து வெச்சிருந்தது 52 பாட்டில், 13 யூரோ. கடைசி வாரத்துல அது பெரிய காசு. நசுக்காம வெச்சிருக்கணும், மெஷின் பார்கோடைப் படிக்கணும் இல்லையா. மெக் நசுக்கி வெச்ச ஏழெட்டு பாட்டிலுக்குள்ள வாயால ஊதி ஊதி பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தான். அந்த வீடியோ இன்னும் எங்க குரூப்ல இருக்கு.

எடுத்துட்டு வர முடியாத சாமானை ஒரு அட்டைப்பெட்டியில போட்டு, "ட்சூ ஃபெர்ஷெங்கன்"னு எழுதி வாசல்ல வைக்கிற பழக்கம் அங்க உண்டு. இலவசமா எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். நாங்க வெச்ச தட்டு, டேபிள் லேம்ப், ஹேங்கர் எல்லாம் ஒரு மணி நேரத்துல காலி. இட்லிப் பானையை மட்டும் யாரும் தொடல. அது என்னன்னே புரிஞ்சிருக்காது. அடுத்த பேட்ச் தமிழ்ப் பசங்ககிட்ட குடுத்துட்டு வந்தோம்.

பாலமும் மணியும்

பேப்பர் வேலையை மட்டுமே சொல்லிக்கிட்டு இருந்தா ஊரைப் பத்தி எதுவும் சொல்லாம போயிடுவேன். கடைசி வாரங்கள்ல நாங்க அதிகம் போன இடம் எல்பே நதிக்கரை, சிவிலோட புண்ணியத்துல.

நாங்க போறதுக்கு மூணு வாரம் முன்னாடி, 2024 செப்டம்பர் 11 விடியற்காலை மூணு மணி வாக்குல, ட்ரெஸ்டனோட கரோலா பாலத்துல சுமார் 100 மீட்டர் நீளம் நதிக்குள்ள விழுந்தது. பக்கத்துப் பக்கத்துல மூணு பகுதியா கட்டின பாலம் அது, விழுந்தது ட்ராமும் சைக்கிளும் நடக்கறவங்களும் போற பகுதி. கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஒரு ட்ராம் கடந்து போயிருந்தது. ஒருத்தருக்கும் காயம் இல்ல. 1971-ல கட்டி முடிச்ச பாலம். மத்த ரெண்டு பகுதியையும் சரி பண்ணி முடிச்சிருந்தாங்க, விழுந்த பகுதிக்கு 2025-ல முறை வர்றதா இருந்தது.

சிவில் எங்களை நதிக்கரைக்கு இழுத்துட்டுப் போய் விளக்குவான். ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்ல எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடிச்சு வெச்சிருப்பாங்க, அந்த இழுவிசைதான் கான்கிரீட்டை அமுக்கி, அது விரிசல் விடாம பார்த்துக்கும். கட்டுமானத்தப்பவே ஈரம் பட்டு அந்தக் கம்பிகள்ல அரிப்பு ஆரம்பிச்சிருக்கு. அந்த வேதிவினையில வர்ற ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள்ள புகுந்து அதை நொறுங்கற மாதிரி ஆக்கிடும். நுண்ணிய வெடிப்புகள் வரும், அப்புறம் பல வருஷப் போக்குவரத்தோட சோர்வும் சேரும். கம்பி ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டே வரும், வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆய்வறிக்கையில சொன்ன காரணம் இதுதான். அந்தக் காலத்துல கிழக்கு ஜெர்மனியில பயன்படுத்தின ஒரு வகை எஃகுக்கு இந்தப் பலவீனம் அதிகம்னு ஏற்கெனவே தெரியும். நம்ம புக்ல ஹைட்ரஜன் எம்ப்ரிட்டில்மென்ட்னு ரெண்டு வரியில முடிச்சிருப்பாங்க. எதிர்ல நதியில கிடக்கறதைப் பார்த்துட்டு அந்த ரெண்டு வரியைப் படிச்சுப் பாருங்க. நாங்க இருந்தப்போ விழாத ரெண்டு பகுதியும் ஆள் நடமாட்டம் இல்லாம மூடி நின்னது. அதுக்கப்புறம் 2025-ல அதையும் இடிச்சிட்டாங்க.

இடிபாடுகளை எடுக்கும்போது ஜனவரியில நதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒண்ணு கிடைச்சது. சுத்துவட்டாரத்துல இருந்த ஆயிரக்கணக்கானவங்களை வெளியேத்திட்டுத்தான் செயலிழக்க வெச்சாங்க. எண்பது வருஷமா தண்ணிக்குள்ள இருந்திருக்கு.

பிப்ரவரி 13 அந்த ஊருக்கு முக்கியமான நாள். 1945-ல அன்னைக்கு ராத்திரிதான் விமானத் தாக்குதல் ஆரம்பிச்சது, 25,000 பேர் வரைக்கும் செத்தாங்கன்னு வரலாற்றாய்வாளர் குழு கணக்கிட்டிருக்கு. நாங்க இருந்தது எண்பதாவது ஆண்டு. சாயங்காலம் பழைய நகரைச் சுத்தி மனிதச் சங்கிலி. மறுநாள் எனக்குப் பரீட்சை, போக வேண்டாம்னுதான் இருந்தேன். மெக்தான் "ஒரு மணி நேரம், வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். எனக்கு ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் கையுறை போட்ட ஒரு வயசான அம்மா. எங்க ஜெர்மனுக்கு "எந்த ஊர்", "குளிருதா" வரைக்கும்தான் பேச முடிஞ்சது. கை கோத்துட்டு நின்னோம், அவ்வளவுதான். ராத்திரி 9.45-க்கு ஊர்ல இருக்கற சர்ச் மணிகள் எல்லாம் அடிக்க ஆரம்பிச்சது. ரூம் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நாலு பேரும் கேட்டோம். குளிர் உள்ள வந்தது, யாரும் மூடல.

இதையெல்லாம் சொல்றது ஏன்னா, கடைசி நாட்கள்ல ஊர் சுத்த நேரமில்லன்னு நினைப்பீங்க. பிராக், பெர்லின்னு ஓடாதீங்க. நீங்க இருந்த ஊரையே ஒரு தடவை சரியா பாருங்க.

மார்க் ஷீட்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். மத்த எல்லாத்தையும் ஊருக்கு வந்தும் மெயில் போட்டு ஓரளவு சரி பண்ணலாம், இதை முடியாது.

அங்க மதிப்பெண் தலைகீழ். 1.0-தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நான் 1.7 வாங்கினதை அப்பாகிட்ட போன்ல சொன்னப்போ ரொம்ப நேரம் அமைதியா இருந்தார். நம்ம பத்துப் புள்ளி முறைக்கு மாத்த மாடிஃபைடு பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. உச்ச மதிப்பெண்ல இருந்து நீங்க வாங்கினதைக் கழிங்க, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க, மூணால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, ஜெர்மன் மதிப்பெண் வரும். திருப்பிப் போட்டா 1.7-ல ஒண்ணு போனா 0.7, அதை மூணால வகுத்து, நம்ம 10-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 5-ஆல பெருக்கினா 1.17 வரும். பத்துல இருந்து கழிச்சா 8.83. கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டிபார்ட்மென்ட் எந்தக் கணக்குப்படி மாத்தும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. வாய்வார்த்தையா சொன்னவர் அடுத்த வருஷம் வேற பொறுப்புக்குப் போயிடுவார்.

டிரான்ஸ்கிரிப்ட் நீங்க கிளம்பறப்போ கையில வராது. பேப்பர் திருத்தி முடிக்கவே வாரக்கணக்காகும். ஆனா எத்தனை தேதியில இருந்து எத்தனை தேதி வரைக்கும் அங்க படிச்சீங்கங்கற சான்றுல கடைசி வாரத்துல கையெழுத்து வாங்கணும். இன்டர்நேஷனல் ஆஃபீஸ் தினமும் முழு நேரம் திறந்திருக்கும்னு நினைக்காதீங்க.

அடுத்து நான் எழுதப்போறது மெக்கோட அனுமதியோட. "பேர் போடாதே, மத்தபடி எல்லாத்தையும் போடு"ன்னு சொன்னான்.

அங்க ஒரு கோர்ஸ்ல சேர்றது வேற, அதோட பரீட்சைக்குப் பதிவு பண்றது வேற. நம்ம காலேஜ்ல ஃபீஸ் கட்டி, அட்டெண்டன்ஸ் இருந்தா ஹால் டிக்கெட் தானா வந்துடும். அங்க போர்ட்டல்ல போய் ஒவ்வொரு பரீட்சைக்கும் தனியா பதிவு பண்ணணும், அதுக்குக் கடைசித் தேதி பரீட்சைக்குப் பல வாரம் முன்னாடியே முடிஞ்சிடும். நாங்க மூணு பேரும் எப்படியோ பண்ணிட்டோம். மெக் நாலு பேப்பர்ல மூணுக்குப் பண்ணிட்டான். நாலாவது பேப்பர் வேற துறையோடது, அதோட பதிவு வேற பக்கத்துல இருந்தது. செமஸ்டர் முழுக்க ஒரு கிளாஸ் விடாம போன பேப்பர் அதுதான்.

பிப்ரவரி 19, புதன்கிழமை. பரீட்சை ஹாலுக்குப் போயிருக்கான், லிஸ்ட்ல பேர் இல்ல, வெளிய அனுப்பிட்டாங்க. ரூமுக்கு வந்து "நல்லா போச்சு"ன்னு சொன்னான். அன்னைக்கு ராத்திரி வெஜ் பிரியாணி அவன்தான் பண்ணான். நாங்க மூணு பேரும் லக்கேஜ் மெஷின்ல 23 கிலோ வருதான்னு மாத்தி மாத்தி எடை பார்த்துக்கிட்டு இருந்தோம். அப்மெல்டுங்குக்கு அவன் ஃபார்மையும் நான்தான் நிரப்பினேன். இன்சூரன்ஸ் மெயிலை கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிச்சுக் குடுத்தான். "பரீட்சை எப்படி"ன்னு கேட்டோம், "நல்லா போச்சு"ன்னான், அவ்வளவுதான் கேட்டோம்.

28-ஆம் தேதி காலை பத்து மணிக்கு சாவியைக் குடுத்தாச்சு. மறுநாள் காலை ஃபிராங்க்ஃபர்ட்ல ஃபிளைட். டிக்கெட்டை ஒரு குறிப்பிட்ட ரயிலுக்குன்னு குறைஞ்ச விலையில எடுத்திருந்தோம், அந்த ரயில் லேட். சேர வேண்டிய இடத்துக்கு 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ தாமதமாகும்னு தெரிஞ்சா அந்தக் கட்டுப்பாடு போயிடும், வேற ரயில்ல ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமா சேர்ந்தா காசுல கால் பங்கும், ரெண்டு மணி நேரம்னா பாதியும் திரும்பக் கேக்கலாம். அதனால ஃபிளைட்டுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி வந்து சேர்ற ரயிலை நம்பாதீங்க, முதல் நாளே போயிடுங்க. நாங்க ராத்திரி ஏர்போர்ட் நாற்காலியில படுத்துக்கிட்டோம்.

அங்கதான் சொன்னான். ரெண்டு மணி இருக்கும். சிவில் தூங்கிட்டான். "அந்தப் பேப்பர் எனக்கு வராது"ன்னான். முதல்ல ஃபெயில் ஆயிடுவோம்னு பயப்படறான்னு நினைச்சேன். அப்புறம் முழுசா சொன்னான். எனக்குக் கோவம்தான் முதல்ல வந்தது. "ஒன்பது நாள் என்னடா பண்ணிக்கிட்டு இருந்தே"ன்னு கேட்டேன். "எல்லாரும் ஒவ்வொரு தாளுக்கும் ஓடிக்கிட்டு இருந்தீங்க, இதையும் போட வேண்டாம்னு பார்த்தேன்"னான். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

19-ஆம் தேதிக்கு அப்புறம் ஆறு வேலைநாள் இருந்தது. பேராசிரியரை நேர்ல பார்த்திருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்குத் தனியா வாய்மொழித் தேர்வு வெச்சுத் தர்றவங்க உண்டு. தேர்வு அலுவலகத்துல எழுதிக் கேட்டிருக்கலாம். கிடைச்சிருக்கும்னு சொல்லல, விதி விதிதான்னு சொல்லியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா ஊருக்கு வந்து மெயில் போட்டப்போ பதிவுக் காலம் முடிஞ்சதுன்னு ரெண்டு வரியில பதில் வந்தது. அங்க அஞ்சு கிரெடிட் இல்லன்னா இங்க ஒரு கோர் பேப்பர் அரியர். ஆகஸ்ட்ல பிளேஸ்மெண்ட் ஆரம்பிச்சப்போ "ஸ்டாண்டிங் அரியர் கூடாது"ன்னு போட்டிருந்த எந்த கம்பெனிக்கும் அவனால உட்கார முடியல. அவனைவிட சுமாரா படிச்ச நான் செகண்ட் கம்பெனியிலயே வந்துட்டேன். நவம்பர்ல ஜூனியர்ஸோட உட்கார்ந்து எழுதி, கிளியர் பண்ணிட்டான். இப்போ ஆஃப் கேம்பஸ்ல சுத்திக்கிட்டு இருக்கான்.

அதனால போர்ட்டல்ல பதிவு பண்ணதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, கூட வந்தவங்களோட ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க. அசிங்கமா நினைச்சாலும் பரவாயில்ல. டிசம்பர்லயே ஒரு நாள் உட்கார்ந்து நாலு பேரோட பேப்பர் பட்டியலையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. "எப்படி போச்சு"ன்னு கேக்கறதைவிட "கொஸ்டின் பேப்பர்ல என்ன வந்தது"ன்னு கேளுங்க. நாங்க அதைக் கேட்டிருந்தா அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சிருக்கும்.

டெபாசிட் மே மாசம் வந்தது, மஞ்சள் போக. அக்கவுண்ட்டை அதுக்கு அப்புறம்தான் மூடினேன். எந்தத் தேதிக்கு எந்தத் தாள், எதுக்கு முன்னாடி எதுன்னு மெக் ஒரு ஷீட் போட்டு வெச்சிருக்கான், கிரிட்டிக்கல் பாத் அம்புக்குறியோட. இந்த அக்டோபர்ல போறவங்க ஆசிரியர் குழுகிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. அவன்கிட்டயே நேர்ல கேட்டாலும் சொல்லித் தருவான், மெக்கானிக்கல் பிளாக் கேன்டீன்ல சாயங்காலம் இருப்பான்.